அன்னபூரணி மாதிரிக் கப்பல்: புதுப்பிப்பு

வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன அன்னபூரணி என்ற பாய்க்கப்பலின் மாதிரியை மரத்தில் செய்வதாகவும், இலங்கை மலையகத்து ஹட்டன் குளிரில் வார்னிஷ் காயாமல் பிசுபிசுப்பதாகவும் எழுதியிருந்தேன். கப்பல் முடிந்துவிட்டது!

டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் பூசச் சொன்னீர்களே, அதுதான் கைகொடுத்தது. மதியம் மூட்டம் இறங்குமுன், காலை வெயிலிலேயே பூசினேன். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகு 400 நம்பர் சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்த்தேன். பலகை இடுக்குகூடத் தெரியவில்லை. அரக்கு பாலிஷ் சொன்னவர்களுக்கு: ஈரக்காற்றில் அது வெள்ளை பூத்துவிடும், இந்த ஊருக்கு வேண்டாம்.

அப்புறம், பாய்மரக் கயிற்றுக்கு வாங்கிய பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்தேன், பிசிறெல்லாம் படிந்துவிட்டது. கப்பலை நிறுத்தி வைக்கும் தாங்கிக்குப் பழைய தேயிலை வேர்க்கட்டை கிடைத்திருக்கிறது. இரும்பு மாதிரி இருக்கிறது, வாள் இறங்கவே மாட்டேன் என்கிறது.