மடற்குழு இழை: ‘ஆன்டி-சீஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குன்னூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். சிறு எஞ்சின் கையேட்டில் ஸ்பார்க் பிளக் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தேயிலை வெட்டும் மெஷினும் பைக்கும் பழுதுபார்க்கப் படிக்கும் பிள்ளைகளுக்கானது. ‘ஆன்டி-சீஸ்’ மட்டும் பாக்கி. செம்பு, நிக்கல் அல்லது அலுமினியத் தூளைக் கிரீஸில் குழைத்தது; பிளக் மரை, அதாவது திருகுச் சுற்று, பிடித்துக்கொள்ளாமல் இருக்க அதில் பூசுவது. ‘பற்றெதிர்ப்புப் பசை’ சரியா?

கோத்தகிரி, பட்டறை:
பசை வேண்டவே வேண்டாம். பசை ஒட்டும், இது ஒட்டவிடாது. போல்ட் கழலாமல் இருக்க மரையில் விடும் பசை தனியாக இருக்கிறது. பையன் அதை எடுத்துப் பூசிவிடுவான்.

உதகை, தமிழாசிரியர்:
‘பற்றுத்தடைக் களிம்பு’ என்க. ‘பற்று’ வன்தொடர்க் குற்றியலுகரம், தகரம் மிகும். மேலும் ‘மரை’ பழந்தமிழில் ஒரு மான். திருகுக்குப் ‘புரி’ என்பதே பொருத்தம். வலம்புரிச் சங்கைப் பாருங்கள். பிளக்கும் வலம்புரிதான்!

கூடலூர்:
ஐயா, பட்டறையில் புரி என்றால் யாருக்கும் புரியாது. ‘மரை போச்சு’ என்றால் அந்தக் கணமே தெரியும். களிம்பிலும் இடறல் உண்டு. செம்பில் ஏறும் பச்சைக் கறைக்கும் அதுதானே பெயர்? சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. அரிப்பைத் தடுக்கும் பொருளுக்கு அரிப்பின் பெயரா?

உதகை:
புண்ணுக்குப் போடுவதும் களிம்புதான், அம்மா. களி, களிம்பு இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. குழைவே முதற்பொருள், கறை பின்னால் வந்தது.

கோத்தகிரி:
வேர் இருக்கட்டும். பெயர் எதை எச்சரிக்க வேண்டும் என்று பாருங்கள். இது வழுக்கும். 14 மி.மீ. பிளக்கை அலுமினிய ஹெட்டில் (எஞ்சினின் தலைப்பகுதி) உலர்ந்த மரையோடு முடுக்க 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு. பூசிய பிறகும் முறுக்கை அளக்கும் டார்க் ரென்ச்சில் அதே அளவு வைத்தால் உராய்வு குறைந்து பிளக் அளவு மீறி இறுகும். பிளக்கின் உலோக உடல் இழுபட்டு உட்பீங்கானின் அடைப்பு தளரும், ஹெட்டின் மரையும் உரியும். சுமார் 30 விழுக்காடு குறைக்க வேண்டும். ‘தடை’ என்ற சொல்லில் இந்த வழுக்கல் தெரிகிறதா? அதனால் ‘மரைநெய்’ என்கிறேன். எள்நெய்தான் எண்ணெய், நெய் என்றாலே வழுவழுப்பு.

குன்னூர்:
நெய் என்றால் பிள்ளைகள் பொங்கலை நினைப்பார்கள். அளவுக் குறிப்பு கட்டாயம் சேர்க்கிறேன். வேறு எதைச் சேர்க்கலாம்?

கோத்தகிரி:
எல்லாப் பிளக்குக்கும் இது வேண்டாம் என்று முதலில் எழுதுங்கள். வெள்ளையாகப் பளபளக்கும் முலாம் பூசிய உடல் என்றால் முலாமே காப்பு. பூச வேண்டாம் என்றே பிளக் தயாரிக்கும் என்.ஜி.கே. சொல்கிறது. முலாம் இல்லாத கறுப்பு உடல் அலுமினிய ஹெட்டில் போகும்போதுதான் தேவை. நம் மலையில் மழைக்காலம் முழுக்க மெஷின் ஈரக் கொட்டகையில் கிடக்கிறது. எஃகும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்தால் மின்வேதி அரிப்பு வந்து மரை பிடித்துக்கொள்ளும். மெல்லிய பூச்சு போதும். முனையை ஒட்டிய முதல் இரண்டு சுற்றை விட்டுவிடுங்கள். உலோகத் தூள் மின்முனையில் பட்டால் பொறி தவறும். எஞ்சின் ஆறிய பிறகு குழியில் உள்ள மண்ணை ஊதிவிட்டு, கையாலேயே கடைசி வரை திருக வேண்டும். கை முரண்டினால் மரை மாறி ஏறுகிறது, உடனே பின்வாங்க வேண்டும். டார்க் ரென்ச் இல்லாதவர்கள் கையால் திருகிய பிறகு, உலர்ந்த மரையில் புது வாஷருக்கு அரைச் சுற்று, பழையதற்குச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு முடுக்கலாம். பூசியிருந்தால் இந்தக் கணக்கிலும் கை அடங்க வேண்டும்.

கூடலூர்:
இவ்வளவையும் ஒரு சொல் சுமக்காது. ஆன்டி-சீஸ் என்றே விடுங்கள், டப்பாவிலும் அதுதான் இருக்கிறது.

உதகை:
டப்பாவில் இருப்பதையெல்லாம் எழுதினால் கலைச்சொல் எதற்கு?

குன்னூர்:
நேரமில்லை. தலைப்பில் ‘பற்றுத்தடைக் களிம்பு’, பாடத்துக்குள் முதல் இடத்தில் ‘ஆன்டி-சீஸ் எனக் கடையில் கேட்கவும்’ என்று போகிறது. ‘மரை’ அப்படியே நிற்கும்.

கோத்தகிரி:
மூவர் சொன்னால் சரி. ஆனால் ‘வழுக்கும், முறுக்கைக் குறை’ என்பது சொல்லுக்குப் பக்கத்திலேயே வரட்டும், அடிக்குறிப்பில் வேண்டாம். மறுபதிப்பில் மரைநெய்யைத் திரும்பவும் கேட்பேன்.