பிரவுசரில் இருந்தே ஃபைல் பகிர்ந்தவங்க, உங்களுக்கு நடந்த ஒண்ணைச் சொல்லுங்க

தாமிரபரணிக்கரை

ரொம்ப நாளா யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தது. வருஷம் 2010. ஓப்பரா பிரவுசர்ல இருந்த 'ஓப்பரா யுனைட்' ஞாபகம் இருக்கா? பிரவுசர்ல ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டா போதும், நம்ம வீட்டு கம்ப்யூட்டரே வெப்சைட் ஆயிடும். எங்கயும் அப்லோடு பண்ண வேண்டாம். போட்டோ, பாட்டு, ஃபைல், சுவத்துல குறிப்பு ஒட்டுற மாதிரி 'ஃபிரிட்ஜ்'னு ஒரு பக்கம்கூட உண்டு.

எங்க அப்பா வில்லுப்பாட்டுக்காரர். திருச்செந்தூர் பக்கத்து ஊர்க் கோயில் கொடைகள்ல பாடினவர். அவர் போன பிறகு, ஒரு கொடையில யாரோ டேப்ல பிடிச்ச கேசட் ஒண்ணு கைக்கு வந்துச்சு. அதை கம்ப்யூட்டர்ல ஏத்தி, யுனைட்ல போட்டு, மஸ்கட்ல இருக்கிற அண்ணனுக்கு முகவரியை அனுப்பினேன். முதல் வருஷத் திதிக்கு அவனுக்கு லீவு கிடைக்கல.

அன்னிக்கு ராத்திரி அவன் அங்க கேக்க ஆரம்பிச்சது எனக்கு இங்க தெரிஞ்சுது. மோடம் லைட் விடாம துடிச்சுது. நானும் இங்க அதே பாட்டை ஓட விட்டேன். அப்பா கதையில ஒரு கேள்வியைப் போட்டாரு. பின்பாட்டுக்காரர் "ஆமா"ன்னு சொல்லணும். சொல்றதுக்குள்ள கரண்ட் போச்சு. அந்தக் காலத்துல தினம் போற கரண்ட் தான். ரெண்டு நிமிஷத்துல அண்ணன் போன் பண்ணினான். "ஏல... அப்பா பாதியில நின்னுட்டாவளே." அதுக்கு மேல அவனும் பேசல, நானும் பேசல.

அவன் அதை டவுன்லோடு பண்ணி வச்சுக்கவே இல்ல. கேக்கணும்னா என் கம்ப்யூட்டருக்குத் தானே வருவான். 2012-ல ஹார்டு டிஸ்க் போச்சு. அதே வருஷம் யுனைட்டும் நின்னுபோச்சு. "ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோ"ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காலண்டர்_டிசைனர்

உங்களது பெரிய விஷயம். என்னுடையது தொழில் விஷயம்தான், ஆனால் நினைத்தால் இன்னும் கை நடுங்கும்.

2020 ஜூலை கடைசி. சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிடுவார்கள் என்பது தெரிந்திருக்கும். ஆல்பம் பக்கங்கள் 1.8 ஜிபி, என் லேப்டாப்பில். மே மாதக் கடைசியில், பெரிய ஃபைல் அனுப்பும் வீடிரான்ஸ்ஃபர் தளத்தை நம் நாட்டில் தடுத்துவிட்டார்கள். ஜூன் 29-ல் வந்த 59 செயலிகள் தடையில், ஃபைல் பகிரும் ஷேர்இட்டும் போனது. வாட்ஸப்பில் அப்போது 100 எம்பிக்கு மேல் போகாது. பஸ் இல்லை, பென் டிரைவைக் கொடுத்தனுப்ப ஆள் இல்லை. நண்பர் ஒருவர் சொல்லி, பிரவுசர் டேபில் ஃபைலை இழுத்துப் போட்டால் லிங்க் தரும் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். சர்வரில் ஏறாது, என் பிரவுசர் டேப் திறந்திருக்கும் வரை, பெறுபவர் பிரவுசருக்கு நேராகப் போகும்.

அச்சகத்து அண்ணன் போனை ஸ்பீக்கரில் வைத்து சதவீதத்தைப் படித்துக்கொண்டே இருந்தார். "அறுபத்திரண்டு... அறுபத்திநாலு... அறுபத்திநாலு..." நான் அடுத்த அறையில் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "தம்பி, நகரவே மாட்டேங்குதே." ஓடிவந்து பார்த்தால் லேப்டாப் தூங்கிவிட்டது. மின்னழுத்தம் குறைந்து சார்ஜர் நின்றதை நான் கவனிக்கவில்லை. மறுபடி சுழியத்தில் இருந்து. மெஷின் ஓட்டுபவர் இரவு பதினொன்றரை வரை எனக்காக உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் அன்றைக்குக் கைக்குழந்தை. அது பிறகுதான் தெரியும்.

போர்ட்_8080

முதல் பதிவருக்கு ஒரு திருத்தம். "நம்ம கம்ப்யூட்டரே வெப்சைட்" என்பது பாதி தான் உண்மை. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியை வெளியில் இருந்து பொதுவாக யாரும் நேராகக் கூப்பிட முடியாது. அதனால் யுனைட்டில் நடுவே ஓப்பராவின் இடைநிலை சர்வர் நின்று கோரிக்கையை வாங்கி உங்கள் பிரவுசருக்குத் தள்ளிவிட்டது. முகவரியும் அவர்கள் டொமைனுக்குள்தான். 2009 ஜூனில் அறிவித்தபோதே இந்த வாதம் வந்தது: சர்வரிடமிருந்து விடுதலை என்கிறீர்கள், வாசலில் ஒரு சர்வர் நிற்கிறதே என்று. அவர்கள் சேவையை நிறுத்தியதும் எல்லார் முகவரியும் ஒன்றாகப் போனதற்குக் காரணம் அதுவே.

இரண்டாமவர் சொல்வது வேறு வகை, இரண்டு பிரவுசர்கள் நேராகப் பேசிக்கொள்ளும் வெப்ஆர்டிசி. அதிலும் அறிமுகம் செய்து வைக்க ஒரு சர்வர் வேண்டும். இணையத்தில் தெரியும் உன் வெளி முகவரி என்ன என்று சொல்ல ஸ்டன் என்ற சர்வர், நேர்வழி கிடைக்காவிட்டால் ஃபைலைச் சுமந்து போக டர்ன் என்ற சர்வர். ஆனால் நேர்வழி கிடைத்தால், கைகுலுக்கிய பிறகு ஃபைல் நேராகவே போகும், அதுவும் கட்டாயக் குறியாக்கத்தோடு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை முழுத் தரமாக அறிவித்தது 2021 ஜனவரியில். பிரவுசர்களில் அதற்குப் பல வருடம் முன்பே இருந்தது.

மொபைல் டேட்டாவில் இது ஏன் அடிக்கடி தடுமாறுகிறது என்று கேட்பவர்களுக்கு: ஆயிரம் போன்களுக்கு ஒரே வெளி முகவரியைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அப்படி இருந்தால் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பதே பாடு. ஒருவராவது வீட்டு வைஃபையில் இருங்கள்.

என் சொந்தக் கதை சின்னது. 2019-ல் பயர்பாக்ஸ் செண்ட் என்ற ஃபைல் அனுப்பும் சேவையில் என் பாஸ்போர்ட் நகலை அனுப்பினேன். லிங்கில் # குறிக்குப் பிறகு வருவதுதான் சாவி, அது சர்வருக்கே போகாது என்பதால் நம்பினேன். பெறுபவர் முழு லிங்கையும் அலுவலக நோட்டீஸ் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார், சாவியும் சேர்த்து.

வேலூர்_லாட்ஜ்

எனக்கு இந்த ஸ்டன், டர்ன் எல்லாம் தெரியாது. 2022. அப்பா சிகிச்சைக்காக வேலூர்ல லாட்ஜ் எடுத்துத் தங்கியிருந்தோம். தம்பி எதிர்க் கட்டில்ல. அப்பாவோட பயாப்சி ரிப்போர்ட் என் போன்ல, அவன் லேப்டாப்புக்கு மாத்தணும். பக்கத்துல இருக்கிற கருவியெல்லாம் ஒரு திரையில தெரியுமே, அந்த மாதிரி பக்கத்தைத் திறந்தேன். ஏதோ ஒரு நிறம், ஏதோ ஒரு விலங்குன்னு பேர் வந்துச்சு. அவசரத்துல தொட்டு அனுப்பிட்டேன். "வந்துச்சாடா?"ன்னா "வரலையேக்கா"ன்னான்.

அந்த ரிப்போர்ட்ல என்ன எழுதியிருந்ததுன்னு அப்பாவுக்கே நாங்க அப்போ சொல்லல.

அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே திரையில ஒரு செய்தி வந்துச்சு. வங்காள எழுத்து. வேலூர் லாட்ஜ் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் வங்காளத்துலேருந்து வர்றவங்க, கடைப் பலகைகூட வங்காளத்துல இருக்கும். மொழிபெயர்ப்புல போட்டுப் பாத்தேன். "அழித்துவிட்டேன். உங்கள் தந்தை குணமாகட்டும்." பதில் எழுதுறதுக்குள்ள அந்தப் பேர் திரையிலேருந்து போயிடுச்சு.

மறுநாள் காலையில கீழே டீ வாங்குற இடத்துல ஒவ்வொரு முகமா பாத்தேன். தலையில துணி சுத்தின ஒரு அம்மா, பையனோட ஒருத்தர், தனியா ஒரு பெரியவர். யார்னு தெரியல. எல்லாரையும் பாத்து சிரிச்சேன்.

பழைய_கேசட்_காதலன்

வேலூர் சகோதரிக்கு: அந்தப் பக்கங்களில் பல, ஒரே வெளி முகவரியில் இருக்கும் கருவிகளை எல்லாம் 'பக்கத்தில் உள்ளவை' என்று எடுத்துக்கொள்ளும். லாட்ஜ் முழுக்க ஒரே இணைப்பு என்றால் நாலு மாடியும் தெரியும். இனி பேர்டிராப் என்ற தளம் போல, கருவிகளை இணைத்துக்கொள்ளும் வசதி உள்ளதைப் பாருங்கள். ஆறு இலக்க எண்ணையோ கியூஆரையோ ஒருமுறை காட்டிவிட்டால் தம்பியின் கருவி தனியாகத் தெரியும். தொடும் முன் எதிராளி திரையில் உள்ள பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்கரை அண்ணாச்சிக்குத்தான் நான் எழுத வந்தது. ஹார்டு டிஸ்க் போச்சு என்றீர்கள், கேசட் போச்சு என்று சொல்லவில்லையே! இருந்தால் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால், கேசட்டின் நடு ஜன்னலில் டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரியும். அப்படியே ஓட்டினால் டேப் ஒட்டிக் கிழியும், டேப்பைப் படிக்கும் ஹெட்டும் கெடும். பொடி இல்லையென்றால் முதலில் பென்சிலை நுழைத்துக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உள்ளே டேப்பை ஹெட்டில் அழுத்தும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும். கூடு மாற்றினால் சரியாகும். ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. ஏற்றும்போது எம்பி3 வேண்டாம், முதலில் ஒலியைச் சுருக்காத வேவ் ஆக எடுங்கள். உடுக்கையும் குடமும் சேர்ந்து அடிக்கும் இடத்தில் ஒலியளவு எகிறும், அளவைக் குறைத்தே வையுங்கள். ஏற்றிய அன்றைக்கே மூன்று இடத்தில் காப்பி. ஒன்று மஸ்கட்டில்.

போர்ட்_8080

இது பிரவுசர் பகிர்வு பற்றிய இழை. கேசட்டுக்குத் தனி இழை தொடங்கலாமே.

கொக்குவில்

இதுவும் பிரவுசர்க் கதைதான், சொல்லிப்போட்டுப் போறன். 2018-இல பீக்கர் எண்டொரு பிரவுசர் இருந்தது. அதுக்குள்ளேயே ஒரு தளத்தைச் செய்து, எங்கட கணினியிலயிருந்தே விடலாம். முகவரி 64 எழுத்து நீளம். பார்க்க வாறவையின்ர கணினியும் அதைப் பிடிச்சு மற்றவைக்குக் குடுக்கும். அதுதான் அதின்ர அழகு.

அம்மம்மா தன்ர கையால எழுதின சமையல் கொப்பி, 41 பக்கம், படமெடுத்துப் போட்டன். லிங்கை மூண்டு பேருக்குத்தான் குடுத்தனான். ரெண்டு நாள் மடிக்கணினியைத் திறக்கேல்ல. பிறகு வேறொரு கணினியில முகவரியை அடிச்சுப் பார்த்தால், ஒடியற்கூழ் பக்கம் அப்பிடியே திறக்குது! என்ர கணினி மூடிக் கிடக்குது. மூலையில இணைஞ்சிருக்கிறவை எண்ணிக்கை: 1.

ஆரோ ஒராள் திறந்து வைச்சிருக்கிறார். மூண்டு பேரையும் கேட்டன், மூண்டு பேரும் நானில்லை எண்டினம். சில மாதம் அந்த 1 நிண்டது. ஒருநாள் 0. பீக்கரையும் 2022 டிசம்பரில நிப்பாட்டிப்போட்டினம். கொப்பி என்னட்டப் பத்திரமாய்த்தான் இருக்குது. ஆனால் அந்த ஆள் ஆரெண்டுதான் தெரியேல்ல.

காலண்டர்_டிசைனர்

போர்ட்_8080, கேசட் பேச்சு இங்கேயே இருக்கட்டும். முதல் பதிவே அதைப் பற்றித்தானே.

தாமிரபரணிக்கரை

எல்லாரும் எழுதினதுக்கு நன்றி. போர்ட்_8080 சொன்னது சரி, நடுவுல ஓப்பராவோட சர்வர் இருந்தது எனக்கு அப்போ தெரியாது.

கேசட்டை நேத்து ராத்திரி தேடினேன். அம்மாவோட டிரங்குப் பெட்டியில, சேலைக்கு அடியில இருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் லேசா வெள்ளை. காதுகளை உடைச்சுட்டேன். சுத்திப் பாக்கல, பயமா இருக்கு. திருநெல்வேலியில டெக் சரி பண்ற பெரியவர் ஒருத்தர் இன்னும் கடை வச்சிருக்காராம், சனிக்கிழமை எடுத்துட்டுப் போறேன். அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல.