சரியா அடிச்சதையும் மாத்தி வைக்குது இந்த ஆட்டோ கரெக்ட், என்னதான் பண்றது?

இரவுக்காகம்:
மக்களே ஒரு உதவி. சேஃப்டி ரிப்போர்ட் டைப் பண்றதுதான் என் வேலை, பக்கத்துக்கு பத்து இடத்துல எச்எஸ்இன்னு வரும், ஹெல்த் சேஃப்டி என்விரான்மென்ட். இங்கிலீஷ்ல அந்த மூணு எழுத்தை அடிச்சு ஸ்பேஸ் தட்டுனதும் முதல் ரெண்டு எழுத்தும் இடம் மாறி 'ஷி'ன்னு ஆயிடுது. நேத்து அனுப்புன ரிப்போர்ட்ல எங்க எச்எஸ்இ மேனேஜர் 'ஷி மேனேஜர்' ஆயிட்டார், மனுசனுக்கு இவ்ளோ பெரிய மீசை வேற. மூணு தடவை படிச்சுப் பாத்துட்டுதான் அனுப்புனேன், ஆனா நாம அடிச்சதை நாமளே படிச்சா கண்ணு திரையில இருக்கறதையா படிக்குது, மனசுல இருக்கறதைத்தானே படிக்குது.

இது போதாதுன்னு, நிபந்தனைகளை அடைப்புக்குறிக்குள்ள ஏ, பி, சின்னு போட்டு எழுதுனா ஏ ஒழுங்கா இருக்கும் பி ஒழுங்கா இருக்கும், சி மட்டும் வட்டத்துக்குள்ள போய் காப்பிரைட் குறி ஆயிடும். அழிச்சுட்டு திரும்ப அடிச்சா திரும்பவும் வட்டம். தப்பா அடிச்சா திருத்து, வேணாம்னு சொல்லல, சரியா அடிச்சதை ஏன்யா நோண்டுற? மொத்தமா ஆஃப் பண்ணிடலாம்னா நான் அடிக்கிற வேகத்துக்கு பாதி வார்த்தை எழுத்து மாறித்தான் விழுது, அதை அது சரி பண்றதும் வசதியாத்தான் இருக்கு. என்ன பண்ணலாம்?

பழைய கீபோர்டு:
ஆஃப் பண்ணாதீங்க பாஸ். உள்ள ஏதோ பெரிய மூளை உக்காந்து யோசிக்குதுன்னு நெனைக்காதீங்க, உங்க கேஸ் ரெண்டுக்கும் காரணம் இடது, வலதுன்னு ரெண்டே பக்கம் இருக்கற ஒரு பட்டியல். இடது பக்கம் இருக்கறதை அடிச்சா வலது பக்கம் இருக்கறதைப் போடு, அவ்ளோதான். 'ஷி'ய வேகமா அடிக்கும்போது எழுத்து மாறி விழுறது சகஜம், அதனால எவனோ அதைப் பட்டியல்ல சேத்துட்டான், உங்க வேலைல அதே மூணு எழுத்துக்கு வேற அர்த்தம் இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும். ஆஸ்பத்திரி பக்கம் வேலை பாக்கறவங்களுக்கும் இதே கூத்துதான், எலக்ட்ரானிக் ஹெல்த் ரெக்கார்டுக்கு இஎச்ஆர்னு அடிச்சா அது 'ஹெர்' ஆயிடும்.

வேர்டுன்னா ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ் போங்க. லிப்ரே ஆபீஸ்னா டூல்ஸ் மெனுல இருக்கும். பட்டியல்ல அந்த வரிய மட்டும் தேடி டெலிட் பண்ணுங்க, காப்பிரைட் குறியும் அங்கயேதான் இருக்கு. வேர்டுல இன்னொரு சுருக்கு வழி, மாத்துன வார்த்தை மேல மவுச வச்சா கீழ சின்னதா நீலக் கோடு தெரியும், அதை கிளிக் பண்ணா இனிமே இதைத் திருத்தாதேன்னு சொல்லிடலாம்.

அப்பறம் முக்கியமா, அழிச்சு அழிச்சு திரும்ப அடிக்காதீங்க. மாத்துன உடனே கண்ட்ரோல் இசட் ஒரு தட்டு தட்டுங்க, அது பண்ண திருத்தம் மட்டும் போகும், நீங்க அடிச்சது அப்படியே நிக்கும்.

கருப்புத்திரை:
எழுத்தாவது பரவால்ல, மாறுனா கண்ணுக்குத் தெரியும். என் பிரச்சனை மேற்கோள் குறி. கம்ப்யூட்டருக்குக் குடுக்கற கமாண்ட் எல்லாம் ஒரு டாக்குமென்ட்ல எழுதி டீமுக்குக் குடுத்தேன், நான் அடிச்சது நேர் குறி, அது வளைஞ்ச குறியா மாத்திருச்சு, ரெண்டு ஹைஃபன் அடிச்ச இடத்துல எல்லாம் ஒரு நீளக் கோடு. பாக்க அழகாத்தான் இருக்கு, காப்பி பண்ணி டெர்மினல்ல, அதான் கமாண்ட் அடிக்கற ஜன்னல்ல, போட்டா எர்ரர். புதுசா சேந்த பையன் அரை நாள் முழிச்சுட்டு வந்து 'அண்ணே நீங்க எழுதுன மாதிரியேதான் போட்டேன்'ங்கறான், பாவம் அவன் சொன்னதும் உண்மைதான். இது பழைய கீபோர்டு சொன்ன பட்டியல்ல இருக்காது, அதே ஜன்னல்ல 'ஆட்டோ ஃபார்மேட் ஆஸ் யூ டைப்'னு தனி டேப் இருக்கும், அங்க டிக்க எடுக்கணும்.

எலிவால்:
நீங்க ரெண்டு பேரும் தப்பிச்சீங்கன்னு வச்சுக்கோங்க. எக்செல்ல மார்ச்1, செப்ட்2ன்னு ஜீன், அதாவது மரபணு பேர அடிச்சா அதைத் தேதியா மாத்திரும். 2016ல ஒரு ஆய்வுல பாத்தாங்க, எக்செல் ஜீன் பட்டியலோட வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணுல பேர் கெட்டுப் போயிருந்துச்சு. கடைசில 2020ல ஜீனுக்குப் பேர் வைக்கற கமிட்டியே எறங்கி வந்து மார்ச்1ஐ மார்ச்எஃப்1ன்னும் செப்ட்2ஐ செப்டின்2ன்னும் மாத்திருச்சு. சாஃப்ட்வேருக்காக மனுச ஜீனுக்கே பேர் மாத்துன கதை! அந்தத் தானியங்கி மாத்தத்தை நிறுத்தற ஆப்ஷன் 2023லதான் வந்துச்சு.

ஒற்றுப்பிழை:
தமிழ்ல டைப் பண்றவங்க கதையே வேற. மொழி இங்கிலீஷ்னு செட் ஆகியிருந்தா பக்கம் முழுக்க சிவப்புக் கோடு, அம்மை போட்ட மாதிரி. கீழ ஸ்டேட்டஸ் பார்ல மொழி பேரு இருக்கும், எழுதுனதை செலக்ட் பண்ணிட்டு அதைத் தமிழ்னு மாத்துங்க. அப்பவும் முழுசா போகாது, 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்'னு நாம ஒரே வார்த்தையா ஒட்டி எழுதறதை எல்லாம் எந்த அகராதில போட்டு வைப்பான். அதே நேரம் நான் 'பல்லி விடுமுறை'ன்னு அடிச்சு சர்க்குலரே போயிருச்சு, ஒரு கோடு வரல. பல்லியும் சரியான வார்த்தைதானே, அது பாட்டுக்கு விட்டுருச்சு. ஆனா ஒண்ணு சொல்வேன், சிவப்புக் கோடு நம்மளக் கேக்குது, ஆட்டோ கரெக்ட் கேக்காம கை வைக்குது, அதனால எனக்குக் கோடே போதும்.

இரவுக்காகம்:
பழைய கீபோர்டு, கோடி நன்றி. வரிய எடுத்துட்டேன், எச்எஸ்இ இப்ப எச்எஸ்இயாவே நிக்குது. காப்பிரைட்டையும் தூக்கிட்டேன். அதே பட்டியல்ல எங்க கம்பெனியோட நீளமான பேருக்கு ரெண்டெழுத்து சுருக்கம் ஒண்ணு சேத்து வச்சிருக்கேன், அடிச்சா முழுப் பேரும் வந்து விழுது, இத்தனை வருசம் இதைத் தெரியாமலே கையால அடிச்சிருக்கேன் பாருங்க. மேனேஜர்கிட்ட இன்னும் பேசல, காலைல லிஃப்ட்ல பாத்தேன், மீசைக்குள்ள சிரிச்ச மாதிரி இருந்துச்சு.