எங்கள் பார்டர் கோலி நாய் குழந்தைகளையே மேய்க்கிறாள், என்ன செய்யலாம்?

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வயது பார்டர் கோலி இருக்கிறாள். உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994-ல் வெளியிட்ட நாய் இனங்களின் அறிவுத்திறன் வரிசையில் முதலிடம் இந்த இனத்துக்குத்தான். அடுத்தது பூடில், மூன்றாவது ஜெர்மன் ஷெப்பர்ட். சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்வாள், அதில் குறையே இல்லை. சிக்கல் வேறு. குழந்தைகள் ஓடினால் போதும், உடம்பைத் தரையோடு தாழ்த்தி, இமைக்காமல் உற்றுப் பார்த்து, சுற்றி வளைத்துக் குதிகாலைக் கவ்வுகிறாள். ஆடு மேய்க்க வளர்த்த இனம், இது கோபமில்லை என்று புரிகிறது. ஆனாலும் சின்னவன் பயந்துபோகிறான். நடை, பந்து விளையாட்டு எல்லாம் தினமும் உண்டு. மூளைக்கு வேலை கொடுக்க மோப்ப விளையாட்டு உதவுமா? கவ்வுவதை நிறுத்த நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள்? அப்புறம், அடித்துத் திருத்தும் யோசனை மட்டும் வேண்டாம்.