பொருள்: 'தீங்கற்ற கட்டி' என்று இனி எழுத மனசு வரவில்லை

அனைவருக்கும் வணக்கம்.

சேலத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். தாடைக்கட்டி பற்றி நோயாளிகளுக்குத் துண்டறிக்கை எழுத உட்கார்ந்தவன் முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். 'பினைன்' என்பதற்கு எல்லோரும் 'தீங்கற்ற' என்கிறோம். சரியா?

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மா. கீழ்த்தாடையின் பின்பக்கம் மாம்பிஞ்சு அளவு வீக்கம், வலி கிடையாது. சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் அமெலோபிளாஸ்டோமா, அதாவது பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து தாடையில் வளரும் கட்டி. "தீங்கற்ற கட்டிதாம்மா" என்று சொன்னது நான்தான். ஒண்ணும் பண்ணாதாம் என்று மலையேறியவர் ஒன்றரை வருடம் கழித்துத்தான் இறங்கினார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் தேனடை போல அறை அறையாக ஓட்டை. கடைவாய்ப்பல்லின் வேர்நுனிகள் கரைந்து மொட்டையாகியிருந்தன.

இது வேறு உறுப்புக்குப் போவது மிக அரிது. ஆனால் இருக்கும் எலும்பைத் தின்றுகொண்டே நகரும். சுரண்டி மட்டும் எடுத்தால் பலருக்கு மறுபடி முளைக்கும். அதனால்தான் சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. நல்ல எலும்பையும் சேர்த்து அறுக்கிறார்கள். பெரிய இடைவெளி என்றால் கால் எலும்பை எடுத்து வைக்கிறார்கள். தாடையே போகிறது, இதற்குப் பெயர் தீங்கற்றதாம்! நெற்றி சைனஸில் (நெற்றி எலும்புக்குள் உள்ள காற்றறையில்) வரும் ஆஸ்டியோமா என்னும் எலும்பு வளர்ச்சி பெரும்பாலும் சும்மா கிடக்கும், கண்காணித்தால் போதும். மூக்கிலிருந்து சைனஸுக்குள் வளரும் தலைகீழ் பாப்பிலோமாவோ சிலருக்குப் புற்றாகவே மாறிவிடும். மூன்றுக்கும் ஒரே அடைமொழி.

புற்று தாவும். இவை ஊரும், தாவா. ஆகவே 'தாவாக் கட்டி' என்கிறேன். அமெலோபிளாஸ்டோமாவுக்கு, பற்சிப்பியை உண்டாக்கும் முகைச் செல்லை வைத்து, 'பற்சிப்பி முகைக்கட்டி'.

> ஆகவே 'தாவாக் கட்டி' என்கிறேன்

டாக்டர், 'தாவாத' என்பதன் கடைசி எழுத்து உதிர்ந்த ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் எங்கள் ஆத்தூர்ப் பக்கம் தாவா என்றால் வரப்புத் தகராறு. உங்கள் நோயாளி வக்கீலைத் தேடிப் போவார். ஓர் எழுத்தைக் கூட்டித் 'தாவாத கட்டி' என்றால் என்ன குறைந்துவிடும்? முகை அருமை, விடாதீர்கள். பற்சிப்பிதான் இடிக்கிறது, சிப்பி என்றால் சனங்களுக்குக் கடல்சிப்பி. பக்கத்தில் 'பல் எனாமல்' என்று போடுங்கள், தமிழ் ஒன்றும் செத்துப்போகாது.

> உங்கள் நோயாளி வக்கீலைத் தேடிப் போவார்

ஐயா, அந்தத் தாவா எனக்குத் தோன்றவே இல்லை. மாற்றிவிட்டேன். முதல் வரி இப்போது: "இது தாவாத கட்டி, புற்று இல்லை. ஆனால் இருக்கும் இடத்திலேயே ஊர்ந்து எலும்பைத் தின்னும். தள்ளிப்போடாதீர்கள்."

மறுபார்வைக்கு வந்த அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கரையான்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல சார்" என்றார். கரையானையும் அடுத்த வரியில் சேர்த்தாயிற்று.

ஆஸ்டியோமாவை என்ன செய்வது? 'எலும்புக்கட்டி' என்றால் எலும்புப் புற்றோடு குழப்பிக்கொள்வார்களே.