‘குறைத்து மதிப்பிடுதல்’ என்றால் இளக்காரமா?

ஒற்றெழுத்து:
மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் நினைவுக் குறிப்புகள் இப்போது என் மேசையில் கிடக்கின்றன. விசேஷ வீட்டுக்குக் கீரை வாங்கியதை எழுதுகிறார்: “17 கட்டு, கட்டு 12 ரூபாய். கணக்குப் போட நான் பேனாவைத் தேடுவதற்குள் கூடைக்காரம்மா 204 என்றாள். 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். மீதி 296 அவள் கையில் தயாராக இருந்தது. அவளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.”

கடைசி வாக்கியத்தில் ஆபீஸ் வாடை அடிக்கிறது, ‘இளக்காரமாக நினைத்துவிட்டேன்’ என்று மாற்று என்றார் முதலாளி. மாற்றினேன். மறுநாள் ஆசிரியர் போனில் பிடித்துக்கொண்டார்: “நான் எப்போதய்யா அவளை இளக்காரமாக நினைத்தேன்?” இரண்டும் ஒன்றுதானே?

வைகைக்கரை:
ஒன்றே இல்லை. முன்னது கணக்குப் பிழை, பின்னது பார்வைக் கோளாறு. 20 லட்சம் போதும் என்று வீடு கட்ட இறங்கி, கூரை மட்டத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவன் நான். செலவைக் குறைத்து மதிப்பிட்டேன். அதை இளக்காரம் செய்தேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இளக்காரத்தில் ஓர் உதட்டுச் சுழிப்பு இருக்கும்.

அதோடு, ‘அவருடைய பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது’ என்று செய்தித்தாள்களில் வருகிறதே, ஏன் முடியாது? தினமும் அதைத்தானே செய்கிறோம்! ‘கூடாது’ என்று திருத்துங்கள்.

பழஞ்சுவடி:
முதலாளி சொல்லும் வாடை உண்மைதான். வீட்டில் யார் ‘மதிப்பிடுகிறார்கள்’? ‘லேசுப்பட்ட ஆள் இல்லை’, ‘தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன்’ என்றுதான் பேசுகிறோம். ‘என்னைக் கிள்ளுக்கீரை என்று நினைத்தாயா?’ என்பதும் உண்டு. கீரைக்காரம்மா கதையில் அது சிலேடையாகிவிடும், வேண்டாம்.

புறநானூறு 72இல் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறும் பாட்டு அது. ‘இளையன் இவன்’ என்று சொல்லி, தங்கள் யானை, தேர், குதிரைகளைக் காட்டிச் ‘சிறுசொல் சொல்லிய’ வேந்தர்கள்மேல் அவனுக்குக் கோபம். வயதைப் பார்த்து வலிமையை அளந்தது தப்புக் கணக்கு. அதை அவன் காதில் விழும்படி சொன்னார்களே, அது இளக்காரம்.

மல்லிகைச்சரம்:
ஆசிரியர் பேனாவைத் தேடியது எதற்கு? அந்த அம்மாவுக்குக் கணக்கு வராது என்றுதானே? உதட்டைச் சுழிக்காவிட்டாலும் இளக்காரம் இளக்காரம்தான். என் அம்மா 30 வருடம் பூ விற்றார். அவரிடம் பேனா எடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான்.

ஒற்றெழுத்து:
மல்லிகைச்சரம் எழுதியதை அப்படியே ஆசிரியருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு இரண்டையும் அடித்துவிட்டு, ‘அவளுக்குக் கணக்கு வராது என்று நினைத்துவிட்டேன்’ என்று போடச் சொன்னார். ‘அவளுக்கு’ என்பதையும் ‘அவருக்கு’ என்று மாற்றச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்தார்.