பாறை உராய்வுச் சோதனை: வரைபடத்தில் விழும் சரிவு பாறையினுடையதா, பொறியினுடையதா?

தொடக்கப் பதிவு
ஆழம் குறைந்த நிலநடுக்கங்களில் புதிதாகப் பாறை உடைய வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள பிளவு ஒட்டிக்கொண்டு நின்று, திடீரென வழுக்கினாலே போதும் என்று 1966இல் பாறை ஆய்வாளர்கள் பிரேஸும் பயர்லியும் சொன்னார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் அளக்க மூன்று இரும்புக் கட்டை, அவற்றின் இடையே இரண்டு பாறைத்தூள் அடுக்கு, நடுக்கட்டையைக் கீழே தள்ள ஒரு பிஸ்டன் என்ற அமைப்பே அதிகம் புழங்குகிறது. இதில் எங்கே கோட்டை விடுகிறோம், எப்படிச் சரிசெய்வது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மறுமொழி 1
தூள் அடுக்கைப் போடும்போதே பாதி முடிவாகிவிடும். 5 செ.மீ. × 5 செ.மீ. முகத்தில் 3 மி.மீ. தடிமன் என்றால் 7.5 கன செ.மீ. தூள். கண்ணளவில் கொட்டாமல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே எடை நிறுத்துப் போடுங்கள். சட்டத்துக்குள் கொட்டி, நேர்விளிம்பால் ஒரே திசையில் மெல்ல வழித்தெடுக்க வேண்டும். முன்னும் பின்னுமாக இழுத்தால் பெரிய மணிகள் ஓரத்தில் சேரும். அந்த ஓரம் முதலில் இறுகி, கட்டை சாயும். கட்டையின் முகத்தில் வழுக்குத் திசைக்குக் குறுக்கே பள்ளவரிகள் வெட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூள் தனக்குள்ளேயே நழுவி அறுபடாமல் இரும்பின் மேலேயே வழுக்கும், நீங்கள் அளப்பது இரும்பின் உராய்வாக இருக்கும்.

பக்கவாட்டில் தூள் கசியாமல் ரப்பர் படலம் ஒட்டுவார்கள். ஒட்டினாலும் நகர நகர அடுக்கு மெலியத்தான் செய்யும். அதைத் தடிமன் கணக்கில் கழிக்காமல் ‘தூள் இறுகுகிறது’ என்று எழுதிவிடாதீர்கள்.

மறுமொழி 2
வேகப்படி சோதனையைப் பற்றிச் சொல்கிறேன். நிலையாக வழுக்கும்போது வேகத்தை 10 மடங்காக்க வேண்டும்: நொடிக்கு 1 மைக்ரோமீட்டரிலிருந்து 10, பிறகு 100. மாற்றிய கணத்தில் உராய்வு ஒரு துள்ளு துள்ளும், அதன் அளவைக் குறிப்பது a. பிறகு Dc என்ற சிறு தூரத்தில் புதிய நிலைக்கு இறங்கும். அந்த இறக்கத்தைக் குறிப்பது b. a-ஐவிட b பெரிதானால் வேகம் கூடக் கூட எதிர்ப்பு தளரும். நிலநடுக்கம் பிறக்க வழி அங்கேதான் இருக்கிறது.

இதன் அளவு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். செங்குத்து அழுத்தம் (தூள் அடுக்கின் முகத்துக்குச் செங்குத்தாக, பக்கவாட்டிலிருந்து அமுக்குவது) 10 மெகாபாஸ்கல், உராய்வெண் 0.6. இரண்டு முகத்துக்கும் சேர்த்து பிஸ்டன் தருவது 30,000 நியூட்டன். a−b = −0.003 என்றால் 10 மடங்கு வேகத்துக்கு உராய்வெண் மாறுவது (0.003-ஐ 10-இன் இயல் மடக்கையான 2.3-ஆல் பெருக்கினால்) 0.007 மட்டுமே, அதாவது 350 நியூட்டன். கட்டை லேசாகச் சாய்ந்தாலே அந்த அளவுக்குப் போலிச் சரிவு வந்துவிடும். ஆகவே படிக்கு முன்பிருந்த நேர்கோட்டுச் சரிவைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

குவார்ட்ஸ் தூளில் முதல் சில மில்லிமீட்டரில் எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். அங்கே வேகத்தோடு எதிர்ப்பு கூடுவதுபோலத் தெரியும். அறுபடல் ஒரு மெல்லிய பட்டையில் ஒடுங்கிய பிறகுதான் a−b-இன் குறி மாறும்.

மறுமொழி 3
ஈரப்பதத்தை எழுதி வையுங்கள், தயவுசெய்து. நிறுத்தி-வழுக்கும் சோதனையில் 10, 100, 1000 நொடி நிறுத்தினால் நேரத்தின் மடக்கைக்கு ஏற்ப உராய்வு மீண்டு வலுக்கும். குவார்ட்ஸை முற்றிலும் உலர்த்திவிட்டால் அந்த வலுப்பு கிட்டத்தட்ட மறைந்துபோகும். மணிகளின் தொடுபுள்ளியில் நீர் செய்கிற வேலை அது. மாதிரியைச் சுற்றி நெகிழி உறை, உள்ளே ஈரப்பத மானி: இவ்வளவுதான் தேவை.

மறுமொழி 4
“என் மாதிரி ஒட்டி-வழுக்கவே மாட்டேன் என்கிறது” என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். பாறையின் மேல் பழி இல்லை. பொறி மிக விறைப்பாக இருக்கிறது. செங்குத்து அழுத்தத்தை (b−a)-ஆல் பெருக்கி Dc-ஆல் வகுத்தால் வருவது மாறுநிலை விறைப்பு. மேலே சொன்ன எண்களோடு Dc 20 மைக்ரோமீட்டர் என்றால், மைக்ரோமீட்டருக்கு 0.0015 மெகாபாஸ்கல். பொறியின் விறைப்பு இதற்குக் கீழே இறங்கினால்தான் வழுக்கல் தறிகெட்டு ஓடும். ஒன்று, செங்குத்து அழுத்தத்தை ஏற்றுங்கள். அல்லது பிஸ்டனுக்கும் நடுக்கட்டைக்கும் இடையில் அக்ரிலிக் கட்டை ஒன்றை வையுங்கள். இரண்டு விறைப்பும் ஏறக்குறைய சமமாகும் இடத்தில், பாய்ந்து ஓடாமல் மெதுவாக நழுவும் நிகழ்வுகள் கிடைக்கும். இந்தத் துறையில் பார்க்க மிக அழகான காட்சி அதுதான்.

நகர்வைப் பிஸ்டனில் அளக்காமல் நடுக்கட்டையிலேயே நகர்வுமானியைப் பொருத்துங்கள். பிஸ்டனில் அளந்தால் பொறியின் நெகிழ்வும் சேர்ந்து Dc பெரிதாகத் தெரியும்.

மறுமொழி 5
இதுவரை பேசியதெல்லாம் நிலநடுக்கம் தொடங்கும் கட்டம். ஓடும் கட்டத்தின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் அளவு. அதற்கு, இரண்டு பாறை உருளைகளை முகத்தோடு முகம் அழுத்திச் சுழற்றும் சுழல் பொறி வேண்டும். 25 மி.மீ. விட்டமுள்ள திண்ம உருளையில் சராசரி வேகம் 1 மீட்டர் வர நிமிடத்துக்குச் சுமார் 1150 சுற்று. கிரானைட் உருளை இங்கே வெடித்துச் சிதறும், ஏனென்றால் 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸ் படிகம் உருமாறிப் பருக்கிறது. கேப்ரோ என்ற கருநிறத் தீப்பாறை தாங்கும். பளிங்கு (சலவைக்கல்) தாங்கும், ஆனால் சூட்டில் சிதைந்து கரியமில வாயு விடும், உராய்வெண் 0.1 அளவுக்கு இறங்கும்.

மறுமொழி 6
களிமண் பிளவுகளில் வேலை செய்வோருக்கு ஒன்று. எடுத்த உடனே பொடிக்காதீர்கள். இழையடுக்குள்ள பிளவுப்பாறையை வில்லையாக அறுத்துச் சோதித்தால், அதே பாறையின் பொடியைவிடக் கணிசமாக எளிதில் வழுக்கும். இத்தாலியின் எல்பா தீவுப் பாறைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. இழை வழியே தொடர்ச்சியாக ஓடும் களிமண் தாள்களைப் பொடித்தல் அறுத்துவிடுகிறது. அறுக்கும்போது இழைத்திசையைப் பென்சிலால் குறித்து, வழுக்குத் திசையோடு பொருத்தி வையுங்கள். களிமண் ஊறிப்போகாமல் இருக்க, வில்லை அறுக்கும் வாளுக்குத் தண்ணீர் விடக்கூடாது.